விரல் எனும் புயல்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரங்கள். ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். அட்லாண்டிக் தாண்டி அதை ஓட்டிப்போனவர்கள் வல்வெட்டித்துறைக்காரர்கள்.

அதே கப்பலை 50-இல் ஒரு பங்காகச் சுருக்கி ஒருவர் மாதிரி செய்கிறார் என்று வையுங்கள். 54 சென்டிமீட்டர் நீளம் வரும். கண்ணாடி அலமாரியில் வைக்கலாம், பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் தூசு துடைக்கிற துணி பாய்மர நுனியில் ஒருமுறை மாட்டினால் போதும், ‘டக்’ என்று முறிந்துவிடும். எல்லா அளவையும் ஒரே விகிதத்தில்தான் சுருக்கினார். பிறகு கடலுக்கு ஈடுகொடுத்தது ஏன் துணிக்கு ஈடுகொடுக்கவில்லை?

சேலத்துக்கு அருகே நெசவு ஊரான இளம்பிள்ளையில் உட்கார்ந்து இதைக் கேட்பது விசித்திரமாகத் தோன்றலாம். மேற்கே திரும்பினாலும் கிழக்கே திரும்பினாலும் மலையும் தறியும்தான் கண்ணில் படும். ஆனால் பாய்மரம் செய்ய வேண்டிய சரக்கு இரண்டு: நல்ல குச்சி, நல்ல நூல். இரண்டுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. கப்பல் மாதிரி செய்கிறவர்களும் கடலோரத்தில் மட்டும் இல்லை. என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கான அகில இந்திய முகாமில் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டி. கேரளத்தின் பேப்பூரில் ‘உரு’ எனும் மரக்கப்பலின் சிறு மாதிரிகள் விற்பனைக்கே செய்யப்படுகின்றன. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸில் கப்பல் மாதிரி ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவான தலைவலி பாய்மரம்தான்.

மூன்று சுமைகள், மூன்று கணக்குகள்

1638-இல் லெய்டன் நகரில் கலிலியோவின் கடைசி நூல் வெளிவந்தது. இரண்டு புதிய அறிவியல்களைப் பற்றிய அந்த உரையாடல், வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. சின்னப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது தேவைப்படாத முட்டுகளும் சாரங்களும் பெரிய கப்பலுக்கு மட்டும் ஏன் தேவைப்படுகின்றன? ஒரே வடிவம், ஒரே மரம், அளவு மட்டும் பெரிது. பெரியது தன் பாரத்தாலேயே ஒடியக்கூடும் என்று தச்சர்கள் அஞ்சினார்கள். கலிலியோ அந்த அச்சத்துக்கான கணக்கைக் கண்டுபிடித்தார். அளவு மாறும்போது எடையும் வலிமையும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை.

இந்தக் கணக்கைப் பாய்மரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 15 மீட்டர் உயரமும் அடியில் 25 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு பாய்மரத்தை 50-இல் ஒன்றாகச் சுருக்கினால் 30 சென்டிமீட்டர் உயரம், 5 மில்லிமீட்டர் விட்டம். இந்தக் குச்சியின் மேல் மூன்று வகைச் சுமை வரலாம்.

முதலாவது, சொந்த எடை. எடை நீளம், அகலம், உயரம் மூன்றையும் பொறுத்தது. தாங்கும் பரப்போ இரண்டை மட்டும் பொறுத்தது. ஆகவே 50 மடங்கு சுருங்கினால் சொந்த எடையால் மரத்துக்குள் வரும் அழுத்தம் 50 மடங்கு குறையும். மாதிரிக்கு இதனால் லாபம்தான்.

இரண்டாவது, காற்று. பாயின் பரப்பு 2,500 மடங்கு குறையும். காற்று தள்ளும் உயரம் 50 மடங்கு குறையும். இரண்டும் சேர்ந்து பாய்மரத்தை அடியில் வளைக்கும் முயற்சி 1,25,000 மடங்கு குறைகிறது. அதற்கு முறியாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. அதுவும் சரியாக 1,25,000 மடங்கு குறைகிறது. ஆக, ஒரே காற்றில் பெரிய பாய்மரத்துக்குள் எவ்வளவு அழுத்தமோ அதே அழுத்தம்தான் சின்னதற்குள்ளும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

மூன்றாவது, விரல். மாதிரி சுருங்கியது; மனிதன் சுருங்கவில்லை. பாய்மர நுனியை 200 கிராம் எடைக்குச் சமமான விசையோடு விரல் தள்ளினால், உண்மைக் கப்பலில் அதற்கு ஈடான விசை 2,500 மடங்கு, அதாவது 500 கிலோ. அரை டன் பாரத்தைப் பாய்மர நுனியில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். 100-இல் ஒன்றாகச் சுருக்கிய மாதிரியானால் அதே விரல் 2 டன்.

விஷயம் இதுதான். மாதிரிக் கப்பலின் பாய்மரம் சந்திக்கப்போகும் மிகப் பெரிய புயல், அதைச் செய்தவரின் விரல். நூல் கட்டும்போது, பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலைப் பொருத்தும்போது, தூசு தட்டும்போது, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போது அது அடித்துக்கொண்டே இருக்கும். உறுதியான பாய்மரம் என்றால் அந்தப் புயலுக்கு நிற்கும் பாய்மரம்.

தண்ணீரில் மிதக்கவிடும் மாதிரிக்கு இன்னொரு சோதனை உண்டு. காற்று கப்பலைச் சாய்க்கும் முயற்சி மூன்றாம் படியில் குறைகிறது. கப்பலை நிமிர்த்தும் முயற்சி எடையோடு சேர்ந்தது. அது நான்காம் படியில் குறைகிறது. எனவே 50-இல் ஒன்றான மாதிரி அதே காற்றில் 50 மடங்கு எளிதாகச் சாயும். ஏரியில் ஓட்டும் பாய்ப்படகு மாதிரிகளுக்கு அடியில் ஈயக் குண்டு வைத்த நீண்ட தகடு தொங்குவது இதனால்தான். பாய்மரம் எடை குறைவாக இருந்தாக வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். உச்சியில் ஏறும் ஒவ்வொரு கிராமும் கப்பலைக் கவிழ்க்கப் பார்க்கும்.

தடிமனின் நான்காம் படி

குச்சி முறிவது வேறு, வளைவது வேறு. முறிவை எதிர்ப்பது விட்டத்தின் மூன்றாம் படி என்றால், வளைவை எதிர்க்கும் விறைப்பு நான்காம் படி. 3 மில்லிமீட்டர் குச்சிக்குப் பதில் 4 மில்லிமீட்டர் குச்சி வைத்தால் பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. விறைப்போ மூன்று மடங்குக்கு மேல் கூடும். 2 மில்லிமீட்டரிலிருந்து 3-க்குப் போனால் ஐந்து மடங்கு. அரை மில்லிமீட்டருக்காக உப்புத்தாளோடு மல்லுக்கட்டுகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அலட்சியமாக நாலு தேய்ப்பு அதிகம் தேய்த்தால் பாதி விறைப்பு தூளாகிப் போய்விடும்.

“மரம் எதற்கு, இரும்புக் கம்பி வைத்தால் முடிந்தது” என்று தோன்றும். இளம்பிள்ளைக்குப் பக்கத்திலுள்ள கஞ்சமலையின் இரும்புத் தாதுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. கணக்குப் பார்ப்போம். 2 மில்லிமீட்டர் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை 30 சென்டிமீட்டருக்கு வெட்டினால் ஏழு கிராமுக்கு மேல் நிற்கும். அதே நீளத்தில் 4 மில்லிமீட்டர் மூங்கில் குச்சி மூன்று கிராம்கூட வராது. இரும்பு மூங்கிலைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பான பொருள்தான். ஆனாலும் தடிமன் இரட்டிப்பானதால் மூங்கில் குச்சிக்கு நான்காம் படியில் 16 மடங்கு சலுகை கிடைக்கிறது. முடிவில் மூங்கில் குச்சியே கம்பியைவிடச் சற்று விறைப்பாக நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு எடையில், கூடுதல் விறைப்பு. எடை குறைந்த பொருளைத் தடிமனாக வைப்பது, எடை கூடிய பொருளை மெல்லியதாக வைப்பதைவிட மேல் என்ற பாடம் இங்கே கிடைக்கிறது.

தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவும் வேண்டியதில்லை. நுனியைத் தள்ளும்போது அடியில்தான் வளைக்கும் முயற்சி உச்சத்தில் இருக்கும். மேலே போகப்போகக் குறையும். எல்லா இடத்திலும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டுமானால் விட்டம் எப்படிக் குறைய வேண்டும்? நுனியிலிருந்து உள்ள தூரத்தின் கனமூலத்தைப் போல. அதாவது பாதி உயரத்தில் அடிவிட்டத்தில் 79 விழுக்காடு இருக்க வேண்டும். நுனியை நெருங்கி எட்டில் ஒரு பங்கு தூரம் மிச்சமிருக்கும் இடத்தில்தான் பாதி விட்டம். பென்சில் சீவுவதுபோல அடியிலிருந்து நுனிவரை ஒரே சரிவாகச் சீவினால் நடுப்பகுதி வீணாக மெலிந்துபோகும். டேவிட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் 1794-இல் வெளியிட்ட பாய்மரக் கையேடு, மரத்தை நாலு பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு விட்டம் என்று விகிதம் கொடுக்கிறது. முதல் பங்கில் குறைவே தெரியாது. கடைசிப் பங்கில்தான் சட்டென்று மெலியும். கனமூலக் கணக்குப் போடாத தச்சர்கள் முறிந்த மரங்களைப் பார்த்துப் பார்த்தே ஏறக்குறைய அதே வளைகோட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

நார் போகும் வழி

கப்பல் யுகத்தில் நெடுமரம் என்பது இன்றைய பெட்ரோலியம் மாதிரி அரசியல் பொருள். 1691-இல் இங்கிலாந்து அரசு மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வழங்கிய சாசனத்தில், 24 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள மரங்களை அரசின் கடற்படைக்கென்று ஒதுக்கி ஒரு பிரிவே இருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிளையில்லாமல் நெடிதாக உயரும் புன்னை இன மரங்களும் பாய்மரத்துக்காகத் தேடித் தேடி வெட்டப்பட்டன. பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தார் கப்பலுடம்பைத் தேக்கில் கட்டினார்கள். 1817-இல் அங்கே கட்டிய ‘டிரிங்கோமலி’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. உடம்புக்கு ஏற்ற மரம் வேறு, பாய்மரத்துக்கு ஏற்ற மரம் வேறு. வேம்பு அன்னபூரணியின் உடம்புக்குப் பொருந்தியது. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுவதால் எளிதில் பிளக்காது. அதே பின்னல், மெல்லிய குச்சியாகச் சீவும்போது கெடுதல். நார்கள் குச்சியின் பக்கவாட்டில் வெட்டுப்பட்டு வெளியே வந்துவிடும்.

மரத்தின் வலிமை முழுக்க நார் ஓடும் திசையில்தான். குச்சியின் நீளத்துக்கு நார் சாய்வாக ஓடினால் என்ன ஆகும் என்பதை மர ஆய்வகங்கள் அளந்து வைத்திருக்கின்றன. பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் முறிவு வலிமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்துக்கு ஒன்று என்றால் பாதிக்குப் பக்கமாகப் போய்விடும். 30 சென்டிமீட்டர் குச்சியில் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. கடையில் வாங்கும் வழவழப்பான உருளைக் குச்சியில் சுத்தமாகத் தெரியாது. அவை பலகையிலிருந்து இயந்திரத்தில் கடைந்து எடுத்தவை. இயந்திரத்துக்கு நார் எந்தப் பக்கம் போகிறது என்ற கவலை இல்லை.

அறுக்காமல் பிளப்பதுதான் வழி. ரம்பம் தன் இஷ்டத்துக்குப் போகும். பிளவு நார் போகும் வழியிலேயே போகும். பிளக்கும்போது திருகிக்கொண்டு போகிற கட்டையை அங்கேயே தள்ளிவிடலாம். நேராகப் பிளக்கும் தேக்குச் சிம்பு கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கைக்கெட்டும் சரக்கு மூங்கில். ஏணிக்கும் தடிக்கும் வாங்கும் கல்மூங்கில் உள்ளே பொந்து இல்லாமல், அல்லது மிகச் சிறிய பொந்தோடு கெட்டியாக இருக்கும். கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் நார்கள் நூல் பிடித்ததுபோல நேராக ஓடும். கணுவில் மட்டும் திசை மாறும். ஆகவே பாய்மரத்தின் நீளத்துக்குக் கணு இல்லாத துண்டாகத் தேர்வு செய்ய வேண்டும்.

மூங்கிலை வெட்டிக் குறுக்குமுகத்தைப் பாருங்கள். வெளித்தோலை ஒட்டிக் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். உள்ளே வர வர இடைவெளி கூடும். அந்தப் புள்ளிகள்தான் நார்க்கட்டுகள். வளையும் குச்சியில் அழுத்தம் வெளிவிளிம்பில்தான் அதிகம். மூங்கில் அங்கேதான் நாரைக் குவித்து வைத்திருக்கிறது. ஆனால் சுவரிலிருந்து ஒரு சிம்பை எடுத்து உருட்டினால் குச்சியின் ஒரு பக்கம் நார் நிறைந்ததாகவும் மறுபக்கம் சோற்றியாகவும் அமைந்துவிடும். ஈரம் ஏறி இறங்கும்போது அது ஒரு பக்கமாக வளையும்.

இதற்கு ஒரு எளிய உபாயம் உண்டு. இரண்டு சிம்புகளை எடுத்து, சோற்றிப் பக்கங்களை எதிரெதிராக வைத்து ஒட்டுங்கள். தோல் இரண்டு பக்கமும் வெளியே வரும். நார் அடர்ந்த பகுதி தேவையான இடத்தில் நிற்கும். ஒன்றின் வளைவை மற்றொன்று சரிக்கட்டும். பசை காயும்வரை நூலால் நெருக்கமாகச் சுற்றி இறுக்குங்கள். பசை ஒழுங்காகப் பிடித்ததா என்பது சாதாரண விஷயமில்லை. இரண்டு பட்டைகள் ஒட்டாமல் சேர்ந்து கிடந்தால் விறைப்பு இரண்டு மடங்கு. ஒரே உடம்பாக ஒட்டி வளைந்தால் எட்டு மடங்கு. பழைய பெரிய போர்க்கப்பல்களின் அடிப் பாய்மரங்கள் பலவும் ஒற்றை மரமாக இருந்ததில்லை. பல மரங்களை ஒன்றோடொன்று கவ்வும்படி செதுக்கிச் சேர்த்து, மேலே கயிற்றாலும் இரும்பு வளையங்களாலும் இறுக்கினார்கள். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதே அந்த வளையங்களின் வேலை.

சதுரத்திலிருந்து வட்டம்

சிம்பை நேரடியாக உருட்ட முயன்றால் முட்டை வடிவம்தான் கிடைக்கும். பாய்மரத் தச்சரின் வழி வேறு. முதலில் சதுரம். அதன் நாலு முனைகளையும் சீவி எட்டுப் பட்டை. அதன் எட்டு முனைகளைச் சீவிப் பதினாறு. பிறகுதான் உப்புத்தாள்.

எட்டுப் பட்டைக்குக் கோடு எங்கே போடுவது? சதுரத்தின் பக்கத்தை 7 : 10 : 7 என்று பிரித்து இரண்டு கோடு இழுத்தால் போதும். சரியான எண்கோணத்துக்கு அது ஒரு நூற்றில் ஒரு பங்கு பிழைக்குள் நிற்கும். ஒரு சிறு கட்டையில் இரண்டு ஆணியும் அவற்றுக்கிடையே இதே விகிதத்தில் இரண்டு பென்சில் முனையும் பொருத்திக்கொண்டால், சிம்பு மெலிய மெலியக் கட்டையைக் கோணலாகத் திருப்பி இழுத்துக்கொண்டே போகலாம். கோடுகளும் தாமாகவே நெருங்கும். பெரிய பாய்மரம் செய்கிறவர்கள் இன்றும் இப்படித்தான் கோடு போடுகிறார்கள்.

3 மில்லிமீட்டருக்குக் கீழே கத்தி பேசாது. மேல் பாய்மரத்துக்கும் பருமலுக்கும் இழுப்புத் தகடு வேண்டும். கெட்டியான இரும்புத் தகட்டில் 3, 2.8, 2.6 என்று இறங்கும் துளைகள் போட்டு, ஒரு பக்கத்தின் விளிம்பைக் கூர்மையாகவே விட்டுவிடுங்கள். மூங்கில் சிம்பின் முனையைச் சீவித் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். துளை விளிம்பு சுற்றிலும் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் வளையம் விழும். பின்னால் முறிவது அந்த வளையத்தில்தான். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று முறை இழுத்து அடுத்ததற்குப் போனால், ஊதுபத்திக் குச்சியின் பருமனுக்கு நார் அறுபடாத உருண்டைக் குச்சி கிடைக்கும். சற்று வளைந்திருந்தால் மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, சூடு ஏறியதும் நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருங்கள். நார்களைப் பிணைக்கும் லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது புதிய வடிவத்தில் இறுகிவிடும்.

ஊன்றும் இடம்

முறிந்த மாதிரிகளைப் பார்த்தால் பாதிக் குற்றம் குச்சியில் இருக்காது, குழியில் இருக்கும். மேல்தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுப் பசை விட்டுச் செருகிவிடுவார்கள். 30 சென்டிமீட்டர் உயரத்தில் 200 கிராம் விசை தள்ளினால், ஒரு சென்டிமீட்டர் குழியின் வாயும் அடியும் சேர்ந்து அதைத் தடுக்க வேண்டும். நெம்புகோல் கணக்குப்படி அங்கே வரும் விசை 30 மடங்கு: 6 கிலோ. துளை விரிந்துவிடும் அல்லது குச்சி வாயில் முறியும். அதே பாய்மரம் மேல்தட்டைத் துளைத்து நாலு சென்டிமீட்டர் இறங்கி, கப்பலின் அடிமரமான ஏராவில் உள்ள குழியில் நின்றால் ஒன்றரைக் கிலோதான். உண்மைக் கப்பலில் பாய்மரம் மேல்தட்டோடு நிற்காமல் ஏராவரை இறங்குவது இதனால்தான். உடம்பைச் செதுக்கும்போதே இந்தத் துளைக்கு வழி விட்டுவிட வேண்டும். தட்டை மூடிய பிறகு யோசித்துப் பயனில்லை.

ஆழமாக ஊன்ற வழியில்லாதபோது கால்களை அகட்டி நிற்க வைக்கலாம். பழங்கால எகிப்தியர் இரண்டு கால் பாய்மரம் வைத்தார்கள். ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களில் உள்ள எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்களிலும் இரண்டு, மூன்று கால் பாய்மரங்களைக் காணலாம். அங்கே கால்கள் வளைவதில்லை. ஒன்று நசுக்கப்படும், மற்றொன்று இழுக்கப்படும். மரம் இரண்டையும் வளைவைவிட நன்றாகத் தாங்கும்.

நூல் செய்யும் வேலை

ஒற்றைக் கால் பாய்மரத்துக்கு அந்த உதவியைச் செய்வது கயிறு. உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் பக்கக் கயிறுகள், முன்னும் பின்னும் இழுக்கும் கயிறுகள். இவை இருக்கும்வரை பக்கவாட்டுத் தள்ளல் வளைவாக மாறாது. கயிற்றில் இழுவையாகவும் மரத்தில் நேர் அழுத்தமாகவும் பிரிந்துவிடும்.

கோணம்தான் இங்கே எல்லாம். கயிறு பாய்மரத்தோடு 10 பாகைக் கோணத்தில் இறங்கினால், நுனியில் 200 கிராம் தள்ளலுக்குக் கயிற்றில் 1,150 கிராம் இழுவை வரும். மரத்தின் மேல் ஏறக்குறைய அதே அளவு அழுத்தம். கோணம் 20 பாகையானால் இழுவை 600 கிராமுக்குள் அடங்கும். பழைய கப்பல்களின் பக்கங்களில் பலகை நீட்டி அதன் விளிம்பில் கயிற்றைக் கட்டியது இந்தக் கோணத்தை அகலப்படுத்தத்தான். மாதிரி செய்கிறவர் அந்தப் பலகையை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் கணக்கு கெடும்.

கயிற்றை இழுத்து இறுக்க இறுக்க மரம் உறுதியாகும் என்பதும் பாதி உண்மைதான். 1744-இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் ஒரு மெல்லிய தூண் எந்தப் பாரத்தில் பக்கவாட்டில் வில்லாகும் என்று சூத்திரம் தந்தார். 30 சென்டிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் குச்சியின் இரண்டு முனையும் நகராமல் பிடித்திருந்தால், ஏறக்குறைய 650 கிராம் அழுத்தத்தில் வில்லாகிவிடும். நாலு பக்கமும் நூலை ‘விண்’ என்று இழுத்துக் கட்டினாலே அந்தப் பாரம் வந்துவிடும். பாய்மரம் நிற்கும்போதே பாம்பாக நெளியும். ஆய்லரின் சூத்திரத்தில் நீளத்துக்கு இருமடிக் கணக்கு. நடு உயரத்தில் இன்னொரு ஜோடிக் கயிறு கட்டி நீளத்தைப் பாதியாக்கினால் தாங்கும் பாரம் நாலு மடங்கு. பெரிய கப்பல்களில் அடி மரம், நடு மரம், மேல் மரம் என்று அடுக்கி, ஒவ்வொரு சேர்க்கையிலும் தனித்தனிக் கயிறு கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுக்கத்தின் அளவை நெசவாளிக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பாவு தளர்ந்தால் நாடா இழையில் மாட்டும், மிஞ்சி இறுக்கினால் இழை அறும். இரண்டுக்கும் நடுவில் விரலால் தட்டிப் பார்த்தே சொல்வார்கள். பாய்மரக் கயிற்றிலும் அதே பதம்தான். எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் முதல் பக்கத்திலேயே சாய்ந்து நின்றுவிடும்.

எந்த நூல்? இளம்பிள்ளையில் பட்டு, பருத்தி, ரேயான், பாலியெஸ்டர் நாலும் கிடைக்கும். பருத்தி முறுக்குநூல் ஈரத்தில் இழை பருத்து நீளத்தில் சுருங்கும். ஐப்பசி மழையில் கட்டிய கயிறு பங்குனி வெயிலில் தொய்வதும், வெயிலில் இறுக்கியது மழையில் மரத்தை வளைப்பதும் இதனால்தான். ரேயான் ஈரம் பட்டால் வலிமையில் பெரும்பங்கை இழக்கும். பட்டும் ஈரத்தை உறிஞ்சி நெகிழும். பாலியெஸ்டர் ஈரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. பளபளப்புதான் அதன் குறை. தேன்மெழுகில் இழுத்தெடுத்தால் பளபளப்பு மங்கி, பிசிறும் அடங்கும்.

தையல் நூலை அப்படியே கட்டினால் கயிறு போலத் தெரியாது. மூன்று இழைகளை அவற்றின் சொந்த முறுக்கு இருக்கும் திசையிலேயே இன்னும் முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குங்கள். தனி இழை பிரியப் பார்க்கும் திசையும் மொத்தக் கயிறு பிரியப் பார்க்கும் திசையும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். கையை விட்டாலும் பிரியாது. 25 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 50-இல் ஒன்றான மாதிரியில் அரை மில்லிமீட்டர். முறுக்கு இயந்திரம் ஓடும் ஊரில் இதற்கு ஆலோசனை கேட்க நெடுந்தூரம் போக வேண்டாம்.

மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

2025 மே 21 அன்று கார்வார் கடற்படைத் தளத்தில் ‘கௌண்டின்யா’ என்ற தைத்த கப்பல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அஜந்தா ஓவியத்தில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். வரைபடம் எதுவும் கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை, சிறு மாதிரியை வைத்து அது நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்தது. நவீனப் பொருள் எதுவும் சேராத அதன் மரப் பாய்மர அமைப்பைக் கடற்படை தனியாக மதிப்பிட்டது.

இரண்டு வேலைகளும் இயல்பிலேயே வேறுபட்டவை. உடம்பு எழுப்பும் அலைகளுக்கு வில்லியம் ஃப்ரூட் 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த விதி உண்டு. 25-இல் ஒன்றாகச் சுருக்கினால் வேகத்தை 5-இல் ஒன்றாகக் குறைத்து ஓட்டுங்கள், அலைகள் ஒத்துப்போகும். மரத்தின் முறிவுக்கு அப்படி ஒரு வசதியான விதி இல்லை. மரத்தின் நாரும் செல்லும் விகிதப்படி சுருங்குவதில்லை. 25 சென்டிமீட்டர் பாய்மரத்தில் 4 மில்லிமீட்டர் முடிச்சு ஒரு மறு. 5 மில்லிமீட்டர் குச்சியில் அதுவே ஏறக்குறைய முழுக் குறுக்குமுகம். சின்னக் குச்சியை முறித்துப் பார்த்துப் பெரிய மரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெரிய மரத்தைப் பார்த்துச் சின்னக் குச்சியின் தடிமனை முடிவு செய்யவும் முடியாது.

எனவே உங்கள் குச்சியை நீங்களே சோதித்துவிடுவது நல்லது. மேசை விளிம்பில் குச்சியை அழுத்திப் பிடித்து 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டுங்கள். நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைத் தொங்கவிட்டு, கோப்பையின் எடையையும் சேர்த்து 50 கிராம் வரும்வரை மருந்து அளக்கும் ஊசிக்குழாயால் தண்ணீர் விடுங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். நல்ல மூங்கிலானால் 3 மில்லிமீட்டர் குச்சி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் இறங்கும், 4 மில்லிமீட்டர் குச்சி இரண்டரைக்குள் நிற்கும். குச்சியைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். இறக்கம் மாறினால் எந்தப் பக்கம் விறைப்பு அதிகம் என்பது தெரிந்துவிடும். அந்தப் பக்கம் முன்பின்னாக வரும்படி ஊன்றுங்கள். பக்கவாட்டைக் காக்கப் பக்கக் கயிறுகள் அதிகம் உண்டு. முன்பின்னாகக் காக்கும் கயிறுகள் குறைவு.

இப்படிப் பத்துக் குச்சி சீவி, அளந்து, நல்லதாக இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பருமலுக்கு ஒதுக்கலாம். கப்பல் தச்சருக்கு இந்த வசதி கிடையாது. நூறாண்டு வளர்ந்த மரம் ஒன்று கிடைத்தால் அதன் குறைகளோடுதான் அவர் வாழ வேண்டும். சிறியதாகச் செய்கிறவருக்கு விரல் பகை என்றால், தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் துணை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்துகிறவரின் பாய்மரம் நிற்கும்.